கார்பமசெபின் கோகிரிஸ்டல்: முப்பது நிமிடத்தில் கரைதிறன் சரிகிறது

வணக்கம். கோவையில் எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு. வலிப்பு மருந்தான கார்பமசெபினை நிக்கோடினமைடுடன் (பி3 வைட்டமின் வகை) 1:1 மோல் விகிதத்தில், சில துளி எத்தனால் விட்டு உரலில் அரைத்துக் கோகிரிஸ்டல் (இரண்டு பொருளும் ஒரே படிகத்தில் சேர்ந்தது) செய்தேன். டிஎஸ்சியில் (சூடாக்கி உருகுநிலை பார்க்கும் கருவி) 160 டிகிரி அருகே ஒரே உருகுமுனை. தயாரிப்பில் தப்பு இல்லை என்றே நினைக்கிறேன்.

சிக்கல் கரைதல் சோதனையில்தான். துடுப்பு முறை, 900 மில்லி தண்ணீர், 37 டிகிரி, 75 ஆர்பிஎம். கரைந்த மருந்தின் அளவு முதல் பத்து நிமிடம் வெறும் மருந்தைவிட நன்றாக ஏறுகிறது. அரை மணிக்குள் இறங்கிவிடுகிறது. அடியில் தங்கியதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஊசி ஊசியாகப் படிகங்கள். எக்ஸ்ஆர்டியும் (எக்ஸ்-கதிரால் படிக வகை அறியும் சோதனை) டைஹைட்ரேட், அதாவது தண்ணீர் சேர்ந்த, குறைவாகக் கரையும் படிகம் என்றே சொல்கிறது. நிக்கோடினமைடு முந்திக் கரைந்து ஓடிவிட, மருந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது.

மூன்று வாரமாகப் போராடுகிறேன். சலித்துத் துகளைச் சிறிதாக்கினேன், இன்னும் சீக்கிரமே மாறியது. கரைசலிலேயே எச்பிஎம்சி என்ற பாலிமரைக் கலந்தால் மாற்றம் தாமதமாகிறது. சரி என்று மாத்திரைக்குள் 20 சதவீதம் சேர்த்தால் கூழாகி மருந்தையே வெளியே விடமாட்டேன் என்கிறது.

மருந்து வெளியேறுவதைத் தடுக்காமல், ஒரு மணி நேரமாவது டைஹைட்ரேட்டைத் தள்ளிப்போட மாத்திரைக்குள் எந்த பாலிமரை, எத்தனை சதவீதம் சேர்க்கலாம்?