கோல்ஃப் கணக்கு எனக்கு விளங்கிய நாள்

பொரளையில் ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் மைதானத்தில் எங்கள் கம்பனி ஒரு போட்டி வைத்தது. கணக்குப் பிரிவில் இருப்பவன் என்பதால் ஸ்கோர் அட்டைகளைக் கூட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்கு முன் நான் கோல்ஃப் பார்த்தது கூட இல்லை. என் ஏட்டில் மைனஸ் என்றால் நட்டம். இங்கே குறைந்த அடிகளில் முடித்து மைனஸ் வாங்கியவருக்குக் கை தட்டினார்கள்.

அந்த மைதானத்தின் ஊடாகக் களனிவெளி ரயில் போகும். ரயில் கடக்கட்டும் என்று ஆட்டக்காரர்கள் காத்திருந்தபோது, மட்டைப் பை சுமக்கும் வயதான கெடி ஒருவரிடம், ஒரு குழியை முடிக்க வைத்திருக்கும் அடிக் கணக்கான ‘பார்’ எப்படி வருகிறது என்று கேட்டேன்.

“கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல் தரைக்குப் போய்ச்சேர எத்தனை தரம் அடிக்க வேண்டும் என்று பாருங்கள் தம்பி. அதோடு இரண்டைக் கூட்டுங்கள்” என்றார்.

அவ்வளவுதான், விளங்கிவிட்டது. நன்றாக ஆடுபவர் ஒரே அடியில் கிரீனை எட்டும் தூரம் என்றால் பார் 3. இரண்டு அடி தேவை என்றால் பார் 4, மூன்று என்றால் பார் 5. கிரீனில் பந்தை உருட்டிக் குழிக்குள் விழுத்த எல்லாவற்றுக்கும் இரண்டு அடி. அப்படியானால் 18 குழிகளுக்குப் பார் 72 என்றால், அதில் 36 அடி உருட்டுவதற்கே போய்விடுகிறது! அன்று மாலை வரை நான் தூர அடிகளைப் பார்க்காமல் கிரீன்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றச் சொற்கள் சுலபம். பாரை விட ஒன்று குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், மூன்று குறைந்தால் அல்பட்ரோஸ். ஒன்று கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி.

ஆனால் பரிசளிப்புக்குச் சற்று முன் நான் பெரிய பிழை விடப் பார்த்தேன். 76 அடித்த இளைஞரை முதலாவதாக எழுதியிருந்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் 94 அடித்திருந்தார். தாளைப் பார்த்த அதே கெடி அண்ணன், “ஹேண்டிகேப்பைக் கழிக்கவில்லையே தம்பி” என்றார். ஆட்டக்காரரின் திறமையைப் பார்த்து, கழிப்பதற்கென்று கொடுக்கும் அடிகள்தான் ஹேண்டிகேப். இளைஞருக்கு 4, பெரியவருக்கு 24. கழித்துப் பார்த்தால் 72, 70. கிண்ணம் பெரியவருக்குத்தான் போக வேண்டும். அவர் அதை வாங்கியபோது கை நடுங்கியதைப் பார்த்தேன். அந்த அண்ணன் சொல்லாமல் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

*

நீங்கள் சொன்ன அந்தக் களனிவெளி ரயிலுக்குள் இருந்து மைதானத்தைப் பார்ப்பவள் நான்! நுகேகொடையிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் தினமும் அந்தப் புல்வெளி வரும். ஒருநாள் மகன் கூட வந்தான். “அம்மா, போகி என்றால் பொங்கலுக்கு முதல் நாள்தானே?” என்று கேட்டான். அதற்காகவே தேடி வாசித்தேன்.

1890களில் இங்கிலாந்தில், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆட்டக்காரரை எதிராளியாக வைத்து ஆடினார்களாம். பூச்சாண்டி மாதிரி அவருக்கு வைத்த பெயர்தான் போகி. அந்தக் காலத்தில் போகி என்றால் எட்ட வேண்டிய நல்ல எண்ணிக்கை. பிற்பாடுதான் பார் அந்த இடத்துக்கு வந்து, போகி ஒரு படி கீழே இறங்கியது. பேர்டி அமெரிக்காவில் பிறந்த சொல். அங்கே அப்போது அருமையான எதையும் பறவை என்பார்களாம். அதன் பின்னால் கழுகும் அல்பட்ரோஸும் வந்து சேர்ந்தன.

மகனுக்கு மிகவும் பிடித்தது 1935 கதை. அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி, 15ஆவது குழி, பார் 5. ஜீன் சரசன் என்ற ஆட்டக்காரர் இரண்டாவது அடியிலேயே பந்தைக் குழிக்குள் விழுத்திவிட்டார். “ஐந்தில் மூன்று போனால் அல்பட்ரோஸ்” என்று அவனே கணக்குப் பார்த்துச் சொன்னான்.

*

ஸ்கோர் கூட்டிய அண்ணா, உங்கள் கம்பனிப் போட்டியை அடுத்த முறை, குழிக்குக் குழி புள்ளி போடும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் வைத்துப் பாருங்கள். ஹேண்டிகேப்பைக் கழித்த பிறகு பாருக்கு 2 புள்ளி, போகிக்கு 1, பேர்டிக்கு 3. அதிலே அதிக புள்ளி எடுத்தவர்தான் வெல்வார். புதிதாக ஆடுபவர் ஒரு குழியில் பத்து அடித்தாலும் அங்கே பூச்சியம், அவ்வளவுதான். மனம் விடாமல் அடுத்த குழிக்குப் போகலாம். நான் பழகியதே அப்படித்தான்.