பீன்ஸுக்கு ரைசோபியம் இட்டும் விளைச்சல் கூடவில்லை: யூரியாவைக் குறைக்க வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். முற்றிய விதைக்காகக் குத்துப் பீன்ஸ் பயிரிடுகிறேன். சென்ற பருவத்தில் வயலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ரைசோபியம் (வேர் முடிச்சுகளில் வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைச் செடிக்குத் தரும் பாக்டீரியா; நுண்ணுயிர் உரமாக விற்கப்படுவது) கலந்து நேர்த்தி செய்த விதையையும், மறுபாதியில் ரைசோபியம் கலக்காத விதையையும் விதைத்தேன். இரண்டுக்கும் ஹெக்டேருக்கு 100 கிலோ யூரியாவை அடியுரமாக இட்டேன். விளைச்சலில் வேறுபாடே தெரியவில்லை. பூக்கும் தருணத்தில் சில செடிகளைப் பிடுங்கிப் பார்த்தபோது, இரு பாதிகளிலும் வேர் முடிச்சுகள் மிகச் சிலவே இருந்தன, அவையும் கடுகளவுதான். நுண்ணுயிர் உரத்தை விட்டுவிடுவதா, யூரியாவைக் குறைப்பதா?

மறுமொழி 1:
100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. அது மண்ணில் நைட்ரேட்டாக மாறியபின், வேர் அதை எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். காற்றிலுள்ள நைட்ரஜனின் ஒரு மூலக்கூறை அம்மோனியாவாக மாற்றக் குறைந்தது 16 ஏடிபி (உயிரணுக்களில் ஆற்றலைச் சுமக்கும் பொருள்) மூலக்கூறுகள் செலவாகின்றன; அந்த ஆற்றல் முழுவதும் இலை தயாரிக்கும் சர்க்கரையிலிருந்தே வரவேண்டும் என்பதால், நைட்ரேட் தாராளமாகக் கிடைக்கும்போது செடி புதிய முடிச்சுகள் தோன்றுவதைத் தடுக்கிறது, இருக்கும் முடிச்சுகளின் வேலையும் மந்தமாகிறது. ஆகவே உங்கள் சோதனையில் ரைசோபியம் தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. அது தன் திறனைக் காட்டுவதற்கான வாய்ப்பே அங்கு அமையவில்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டு யூரியாவை அடியோடு நிறுத்திவிட வேண்டாம். பீன்ஸ், சோயாவைப் போன்றதன்று; பயறு வகைகளில் நைட்ரஜனை நிலைப்படுத்தும் திறன் குறைந்தவற்றுள் ஒன்று. அதிலும் குத்து வகைகள் கொடி வகைகளைவிடப் பெரும்பாலும் பின்தங்கியவை. முடிச்சுகள் வேலையைத் தொடங்கவே ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகின்றன. காய்கள் முற்றத் தொடங்கியதும் சர்க்கரை காய்களுக்குப் போய்விடுவதால் முடிச்சுகள் தளர்ந்துவிடுகின்றன. இடைப்பட்ட காலம் குறுகியது. விதையில் 22 சதவீதம் புரதம் என்று கொண்டால், ஒரு டன் விதையோடு சுமார் 35 கிலோ தழைச்சத்து வயலை விட்டு வெளியேறுகிறது. கரிமச்சத்து குறைந்த மண்ணில் தொடக்கத்தில் ஹெக்டேருக்கு 20 கிலோ அளவுக்குத் தழைச்சத்து கொடுத்தால் இலைப்பரப்பு விரியும், அந்த இலைகளே பிறகு முடிச்சுகளுக்கும் உணவளிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பீன்ஸ் வேர், லெகுமினோசாரம், எட்லி, டிராபிசி எனப் பல ரைசோபிய இனங்களையும் ஏற்றுக்கொள்ளும். முன்பே பீன்ஸ் விளைந்த மண்ணில் இவற்றில் சில குடியேறியிருக்கும். பொட்டலத்தில் வந்த பாக்டீரியா அவற்றோடு போட்டியிட்டுத்தான் வேருக்குள் நுழைய வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இவ்வயலில் பல ஆண்டுகளாகப் பீன்ஸ் பயிரிடப்படுகிறது. முடிச்சுகள் சிலவற்றை வெட்டியபோது உள்ளே வெண்மையாகவே இருந்தன. விதைக்கு முன்கூட்டியே பூஞ்சைக்கொல்லி கலந்திருந்ததையும் சொல்லியாக வேண்டும்.

மறுமொழி 3:
பூக்கும் பருவத்தில் நல்ல முடிச்சின் உட்புறம் இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும். முடிச்சுக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் தரும் நிறம் அது. அந்த நேரத்தில் வெண்மையாக இருந்தால், முடிச்சு உருவானாலும் வேலை செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும். பூஞ்சைக்கொல்லிகள் பல, விதைமேல் ஒட்டியுள்ள ரைசோபியத்தையும் கொன்றுவிடும். அப்படிப்பட்ட விதையானால் நுண்ணுயிர் உரத்தை விதைச் சாலில் தனியாக இடுவது பாதுகாப்பானது. மணிச்சத்துப் (பாஸ்பரஸ்) பற்றாக்குறையும் மண்ணின் அமிலத்தன்மையும் முடிச்சுகளைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால், மண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த முறை இரண்டு பாத்திகள் போதா, நான்கு வேண்டும்: எதுவும் இடாதது, ரைசோபியம் மட்டும் இட்டது, தழைச்சத்து மட்டும் தாராளமாக இட்டது, ரைசோபியத்தோடு 20 கிலோ தழைச்சத்து இட்டது. மணிச்சத்து நான்குக்கும் சமமாக இருக்கட்டும். முதல் பாத்தியும் மூன்றாவதும் ஒரே விளைச்சல் தந்தால், மண்ணிலேயே தழைச்சத்து போதுமான அளவு இருக்கிறது அல்லது வேறொரு குறை பயிரைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று பொருள். அந்நிலையில் ரைசோபியத்தின் தரத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர இயலாது. மூன்றாவது தெளிவாக முந்தி, இரண்டாவது அதை நெருங்கினால், நுண்ணுயிர் உரம் உங்கள் வயலில் வேலை செய்கிறது.

செடியைப் பிடுங்கிப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். பிடுங்கும்போது முடிச்சுகள் மண்ணிலேயே உதிர்ந்து தங்கிவிடும். மண்கட்டியோடு தோண்டியெடுத்து, நீரில் ஊறவைத்து, மெதுவாக அலசிய பின் எண்ணுங்கள். சென்ற பருவத்தில் நீங்கள் கண்ட எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாக இருந்திருக்கக்கூடும்.