பொருள்: மறு: சேஃப்டி, செக்யூரிட்டி – ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஸ்வீடிஷ்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

'சேஃப்' (விபத்துக்கு அஞ்ச வேண்டாதது), 'செக்யூர்' (பிறர் கை வைக்க முடியாதது) இரண்டுக்கும் 'பாதுகாப்பான' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம், இது போதாது என்று நம் மடற்குழுவில் போன வாரம் தொடங்கிய இழையை இன்றுதான் மேலிருந்து கீழ்வரை படித்தேன். ஏமம், அரண், சேமம், தீங்கின்மை என்று சொற்கள் வந்து குவிந்திருக்கின்றன. நடுவில் ஒரு மடலில், வளர்ந்த மொழி என்றால் இரண்டு கருத்துக்கும் இரண்டு சொல் இருக்கும் என்று இருந்தது. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஸ்வீடிஷ் இயந்திரக் கையேடுகளைத் தமிழாக்கிப் பிழைப்பவன் நான். ஸ்வீடிஷில் அன்றாடப் புழக்கத்தில் இருப்பது ஒன்றுதான்: சேக்கெர். அதைப் பெயர்ச்சொல்லாக்கினால் சேக்கெர்ஹெட்.

அந்த ஒற்றைச் சொல் எத்தனை வீட்டுக்குச் சோறு போடுகிறது பாருங்கள். காரில் போடும் பெல்ட் 'சேக்கெர்ஹெட்ஸ்' பெல்ட். 1959இல் வோல்வோ பொறியாளர் நில்ஸ் பூலீன் வடிவமைத்த மூன்று முனைப் பட்டைக்கும் அதே பெயர்தான். நாட்டுக்குள் ஒற்றர்களைப் பிடிக்கும் போலீஸ் அமைப்புக்குப் பெயர் 'சேக்கெர்ஹெட்ஸ்' போலீஸ். ஐ.நா. பாதுகாப்பு அவையின் பெயரிலும் இதே சொல். வங்கியில் கடனுக்கு ஈடு காட்டினால் அதுவும் சேக்கெர்ஹெட். கணினியில் பேக்கப் எடுத்தால் 'சேக்கெர்ஹெட்ஸ்' நகல். இது போதாதென்று, "நிச்சயமாத்தான் சொல்றியா?" என்று கேட்கவும் "ஏர் தூ சேக்கெர்?"தான். வேர் லத்தீனில், 'கவலையற்ற' என்ற பொருளில். ஆங்கிலத்து 'ஷ்யூர்', 'செக்யூர்' இரண்டும் அதே வயிற்றுப் பிள்ளைகள்.

தீக்குச்சியையும் விடக்கூடாது. உரசினால் எங்கே வேண்டுமானாலும் பற்றிக்கொண்ட குச்சிக்குப் பதிலாக, பெட்டியின் பக்கவாட்டில் மட்டும் பற்றும் குச்சிக்கு 1844இல் காப்புரிமை வாங்கியவர் குஸ்தாஃப் எரிக் பாஷ் என்ற ஸ்வீடன் வேதியியலாளர். பின்னால் யோன்ஷோப்பிங் ஊரின் லுண்ட்ஸ்த்ரோம் சகோதரர்கள் அதை உலகமெங்கும் விற்றார்கள். 'சேஃப்டி மேட்சஸ்' என்று நம் தீப்பெட்டியில் சின்ன வயதில் பார்த்த எழுத்து அங்கிருந்து வந்தது. வடசென்னைக்காரர்களுக்கு ஒரு உபரிச் செய்தி: விம்கோ நகர் என்ற பெயரில் இருக்கும் விம்கோ, 1923இல் ஸ்வீடன் தீப்பெட்டி நிறுவனம் இந்தியாவில் ஆரம்பித்த கம்பெனி. மெட்ரோவில் போகிறவர்கள் யாரும் ஸ்வீடனை நினைத்துக்கொண்டு இறங்குவதில்லை.

இனி என் கதை. ஒரு பிரஸ் (அழுத்து) இயந்திரத்தின் கையேடு. ஓர் அத்தியாயத்தில் முன்பக்கக் கதவைப் பற்றி வருகிறது: கதவு திறந்திருந்தால் பிரஸ் இறங்காது, கை நசுங்காமல் இருக்க. இன்னோர் அத்தியாயத்தில் திரையில் கடவுச்சொல் போடுவது பற்றி: கண்டவர்கள் அளவை மாற்றாமல் இருக்க. மூலத்தில் இரண்டு இடத்திலும் சேக்கெர்ஹெட். நானும் இரண்டு இடத்திலும் 'பாதுகாப்பு' என்று போட்டேன். கடைசியில் வந்து நின்ற வாக்கியம்: "பாதுகாப்பை நீக்கிய பின் அளவுகளை மாற்றவும்." அச்சுக்குப் போகுமுன் ஆலையில் ஒரு ஆபரேட்டரிடம் படிக்கக் கொடுத்தார்கள். அவர் கேட்டாராம்: "எதைக் கழட்டணும் சார், கதவையா?"

எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. மூலத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அங்கே வெறும் சேக்கெர்ஹெட் இல்லை, 'சேக்கெர்ஹெட்ஸ்நிவோ', அதாவது பாதுகாப்பு நிலை என்று கூட்டுச்சொல்லாக இருந்தது. வாக்கியம் நீள்கிறதே என்று 'நிலை'யை வெட்டியவன் நான். சொல் பற்றாக்குறையால் வந்த வினை இல்லை, என் கத்திரிக்கோலால் வந்தது.

ஸ்வீடிஷ்காரர்கள் பிழைக்கும் வழி இதுதான். சொல்லைத் தனியாக விடுவதே இல்லை, பக்கத்தில் ஒன்றைக் கட்டிவைத்துவிடுகிறார்கள். மின் சேக்கெர்ஹெட், இயந்திர சேக்கெர்ஹெட், தகவல் சேக்கெர்ஹெட், இயக்க சேக்கெர்ஹெட். யாரை எதிலிருந்து காக்கிறோம் என்பதைச் சேர்ந்து வரும் சொல் காட்டிக்கொடுக்கும். அவர்களுக்கும் இடறுகிற இடம் உண்டு. ஆங்கிலக் கையேட்டில் 'சேஃப்டி அண்ட் செக்யூரிட்டி' என்று தலைப்பு வந்தால் 'சேக்கெர்ஹெட்டும் சேக்கெர்ஹெட்டும்' என்றா எழுதுவது? பொறியாளர்கள் பலர் வெட்கப்படாமல் ஆங்கிலச் சொற்களையே போட்டுவிடுகிறார்கள். கலைச்சொல்லுக்கென்றே 1941இல் ஒரு நடுவம் தொடங்கி, 2018 முடிய நடத்திய நாட்டில் இந்த நிலைமை. நாம் மட்டும் தலைகுனிய வேண்டியதில்லை.

உரிச்சொல்லாக வரும்போது சேக்கெர் இன்னும் வேடிக்கை காட்டும். வால் மாதிரி ஒட்டிக்கொள்ளும். 'ஸ்கொத்-சேக்கெர்' என்றால் குண்டு துளைக்காதது. 'பார்ன்-சேக்கெர்' என்றால் குழந்தையால் திறக்க முடியாதது. 'இடியூத்-சேக்கெர்' என்றால் மடையன் கை வைத்தாலும் கெடாதது. ஆனால் பனிச்சறுக்கு ஊர்களின் விளம்பரத்தில் 'ஸ்னோ-சேக்கெர்' என்று போட்டிருந்தால் பனி புகாத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். பனி நிச்சயம் கிடைக்கும் ஊர்! ஒரே வால், ஒன்றில் 'வராது', இன்னொன்றில் 'கட்டாயம் வரும்'. இழையில் ஒருவர் 'குண்டுப்பாதுகாப்பான', 'நீர்ப்பாதுகாப்பான' என்று எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். நீரைப் பாதுகாக்கும் அணைக்கட்டு மாதிரி ஒலிக்கிறது. நம்மிடம் எதிர்மறைப் பெயரெச்சம் இருக்கிறது: நீர் புகா, குண்டு துளைக்கா, தீப்பற்றா. இந்த இடத்தில் ஸ்வீடிஷ் நம்மிடம் கடன் வாங்கலாம்.

ஃபியூஸுக்கு அவர்கள் வைத்த பெயர் சேக்ரிங்: காப்பது. நம் பாடநூலில் உருகி: உருகுவது. அவர்கள் பயனைப் பார்த்தார்கள், நாம் வேலையைப் பார்த்தோம். உருகிதான் எனக்குப் பிடிக்கும். வீட்டில் அவர்கள் 'ப்ரொப்' போச்சு என்கிறார்கள், அடைப்பான் என்று பொருள். நாம் பீஸ் போச்சு என்கிறோம். கலைச்சொல் குழு இரண்டு ஊரிலும் வாசலில்தான் நிற்கிறது.

ஒற்றைச் சொல் நிஜமாகவே உதைக்கிற இடம் உணவு. கெட்டுப்போன கோழியைப் பிடிக்க வருபவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர், 2006 சட்டப்படி. ரேஷனில் அரிசிக்கு உரிமை தருவதும் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013. இரண்டும் ஒரே பெயர், வேலையோ வேறு வேறு. ஸ்வீடிஷ் இங்கே இரண்டாவதற்கு வேறு வேரை எடுக்கிறது: த்ரிக். ஆங்கில 'ட்ரூ', 'ட்ரஸ்ட்' ஆகியவற்றின் உறவுக்காரச் சொல். பயமில்லாமல், நம்பி இருக்கும் மனநிலை அது. சமூகப் பாதுகாப்பு, வேலைப் பாதுகாப்பு என்று நாம் சொல்வதெல்லாம் அங்கே த்ரிக் கணக்கில் வரும். ரேஷன் விஷயத்துக்கு நான் 'உணவு உறுதி' என்று எழுதுகிறேன். யாருக்கும் ஆட்சேபணை இராது என்று நம்புகிறேன்.

சரி, என் முன்மொழிவு. புதுச் சொல் வேண்டாம், 'கா' என்ற வேரே போதும். காப்பு என்றால் தீங்கு அண்டாமல் இருப்பது: காப்புக் கட்டுகிறோம், காப்பீடு எடுக்கிறோம், காப்பு நகல் வைக்கிறோம். (ஸ்வீடிஷிலும் காப்பீட்டுக்குச் சேக்கெரில் பிறந்த சொல்தான்.) காவல் என்றால் எதிரே ஆள் இருக்கிறான்: பயிர்க்காவல், ஊர்க்காவல். விபத்திலிருந்து காத்தால் காப்பு, ஆளிடமிருந்து காத்தால் காவல். இயந்திரக் காப்பு, தகவல் காவல்.

ஏமத்தை முன்மொழிந்த அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. 'ஏமப் புணை' (பாதுகாப்பான தெப்பம்) என்று குறளில் வருவதை நானும் விரும்பிப் படித்தவன்தான். ஆனால் சேஃப்டி ஷூவுக்கு 'ஏமக் காலணி' என்று எழுதி ஆலையில் ஒட்டினால், யாரோ ஏமாந்து வாங்கிய காலணி என்றுதான் படிப்பார்கள்.

அன்புடன்.

—

மறுபடியும் வணக்கம். நேற்றைய மடலுக்கு வந்த மறுமொழிகளுக்கு வரிசையாக.

> 'உங்கள் தரவு காவலில் உள்ளது' என்றால் ரிமாண்டில் வைத்த மாதிரி இருக்கிறதே?

சிரித்துவிட்டேன். தனித்து நின்றால் அப்படித்தான் ஒலிக்கும், ஒப்புக்கொள்கிறேன். 'இணையக் காவல்' என்றாலும் சைபர் கிரைம் போலீஸ்தான் நினைவுக்கு வருகிறது. அதனால் காவலைக் கூட்டுச்சொல்லுக்குள் மட்டும், அதுவும் பொறியியல் எழுத்தில் மட்டும் வைத்துக்கொள்வோம். பயனருக்கு எழுதும்போது 'உங்கள் தரவைப் பிறர் பார்க்க முடியாது' என்று சொல்லிவிட்டுப் போவது மேல்.

> மின்வாரியத்தில் முப்பது வருடம். கம்பத்தில் ஏறுகிற பையனிடம் 'பாதுகாப்பு' தவிர எதைச் சொன்னாலும் ஏறாது. பாதி பேருக்கு அதுவும் சேஃப்டிதான்.

ஐயா, முழுக்கச் சம்மதம். 'மின் பாதுகாப்பு' அப்படியே இருக்கட்டும். அங்கே குழப்பம் எழவே வழியில்லை; மின்கம்பியை யாரிடமிருந்து காப்பது என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. சேஃப்டியும் செக்யூரிட்டியும் ஒரே பக்கத்தில் மோதும் இடத்தில் மட்டும் காப்பு, காவல் என்று பிரிப்போம்.

> த்ரிக் என்பதற்கு 'தைரியம்' சரிவருமா?

"நீ கூட இருந்தா தைரியமா இருக்கு" என்கிறோமே, அந்தத் தைரியம் சரி. சண்டைக்குப் போகிற தைரியம் இல்லை. அங்கே தனியாக வாழும் முதியவர்களுக்கு நகராட்சி ஒரு பொத்தான் தருகிறது. மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள், விழுந்தால் அழுத்தலாம், ஆள் வரும். பெயர் 'த்ரிக்ஹெட்ஸ்லார்ம்'. 'நிம்மதி மணி' என்று மொழிபெயர்த்து வைத்திருந்தேன். என் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். "கையில போடறதுதானே, காப்புன்னு போடு" என்றார். போட்டுவிட்டேன்.

கையேட்டு வாக்கியமும் திருத்தியாகிவிட்டது: "கடவுச்சொல்லை இட்ட பின் அளவுகளை மாற்றவும். கதவுக் காப்பைத் தொடாதீர்கள்." 'கதவுக் காப்பு' யாருக்காவது உறுத்தினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அதற்கப்புறம் அச்சுக்குப் போய்விடும்.