மூடி எங்கே இருந்தது?

அக்கா (காலை 6.10): அனைவருக்கும் வணக்கம். நேற்றிரவு எங்கள் அடுப்படியில் எண்ணெய்ச் சட்டி தீப்பற்றிவிட்டது. பயப்படும்படி ஒன்றும் இல்லை. இவருடைய வலது கையில் மட்டும் தீக்காயம் இருக்கிறது, மருத்துவரிடம் காட்டிவிட்டோம்.

அத்தை: அடுப்பை விட்டு நகர்ந்துவிட்டாயா, அம்மா?

அக்கா: வாசலில் யாரோ அழைத்தார்கள், அத்தை. திரும்பி வருவதற்குள் சட்டி புகைந்து தீயாகிவிட்டது. இவர் பதறிப்போய்ச் சட்டியைத் தூக்கிக் கழுவுதொட்டிக்குக் கொண்டுபோனபோது எண்ணெய் கையில் சிந்தியது.

பெரியப்பா: ஒரு குடம் தண்ணீரை ஊற்றியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

அண்ணன்: பெரியப்பா, மன்னியுங்கள், அதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் அது கொதிக்கும் எண்ணெயின் அடியில் இறங்கி, இறங்கிய நொடியிலேயே ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகி நீராவியாகிறது. அந்த ஆவி எரியும் எண்ணெயைத் துளித்துளியாக மேலே வீசுவதால், சட்டிக்குள் இருந்த தீ அறை முழுவதும் பரவிவிடும். செய்ய வேண்டியது, முடிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, ஓர் உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்திச் சட்டியை மூடுவதுதான். சட்டியைத் தூக்கக் கூடாது. மூடியவுடன் தீ அடங்கினாலும் எண்ணெயின் சூடு அடங்கியிருக்காது. அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடியும் பற்றிக்கொள்ளும். நன்றாக ஆறும்வரை திறக்காதீர்கள்.

தம்பி: மூடி எங்கே இருந்தது, அக்கா?

அக்கா: மேல் அலமாரியில் இருந்தது.

சித்தப்பா: மாவைத் தூவினால் அணையாதா?

அண்ணன்: தூவவே கூடாது, சித்தப்பா. காற்றில் பறக்கும் மாவு தானே தீப்பற்றும்.

பெரியப்பா: பழைய வீட்டில் நான் தண்ணீர் ஊற்றித்தான் அணைத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

சித்தி: நானும் பார்த்தேன், அத்தான். நீங்கள் ஊற்றும்வரை தீ சட்டிக்குள்தான் இருந்தது. ஊற்றிய பிறகுதான் உத்தரத்தைத் தொட்டது.

அத்தை: அந்தப் பழைய கதை இப்போது எதற்கு?

சித்தி: அந்தக் கதையைச் சொல்லித்தானே, அண்ணி, ஒவ்வொரு விசேஷத்திலும் என்னை அடுப்பருகே விடாமல் இருந்தீர்கள்?

தம்பி: அத்தானின் காயத்துக்கு என்ன போட்டீர்கள், அக்கா?

அக்கா: பக்கத்து வீட்டில் பற்பசையைத் தடவச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, குழாய்த் தண்ணீரில்தான் பிடிக்கச் சொன்னேன்.

அண்ணன்: நல்ல வேளை. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிப்பதுதான் முதலுதவி. பனிக்கட்டியும் வைக்கக் கூடாது. வீக்கம் வருவதற்குள் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும்.

அத்தை: எங்கள் வீட்டில் இரண்டு நாளாக எரிவாயு வாடை வருவதுபோல் இருக்கிறது. ராத்திரியில் விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

அண்ணன்: அத்தை, வாடை வரும்போது எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். உள்ளே எழும் சிறு பொறியே போதும். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். அதனால் ஜன்னலோடு கதவையும் திறந்துவையுங்கள். இப்போதே ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஆள் வந்து பார்க்கும்வரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். ரப்பர் குழாய் வாங்கி எத்தனை ஆண்டுகள் ஆயின?

அத்தை: அதெல்லாம் உன் மாமாவுக்குத்தான் தெரியும். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அண்ணன்: எழுப்புங்கள், அத்தை.

அண்ணன்: சித்தி, பழைய வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்று அடுப்பை விட்டுப் போனது பிழைதான். அதே பிழையைத்தான் நேற்று அக்காவும் செய்தாள். ஆனால் சட்டியளவு தீயை அறையளவு ஆக்கியது தண்ணீர். அதைத் தடுக்கும் அளவுக்கு விவரம் அன்று நம் வீட்டில் ஒருவரிடமும் இல்லை. அத்தனைப் பழியும் உங்கள் ஒருவர் தலையில் விழுந்தது நியாயம் இல்லை.

சித்தப்பா: இதை யாராவது சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

பெரியப்பா (காலை 7.25): படித்தேன். இது எனக்குத் தெரியாமல் போயிற்று. அம்மா, மாலையில் உன்னிடம் தொலைபேசியில் பேசுகிறேன்.

சித்தி: சரி, அத்தான்.

தம்பி: வீட்டுக்கு ஒரு தீயணைப்பான் வாங்கிவிடலாமா?

அண்ணன்: வாங்கலாம், ஆனால் எண்ணெய்த் தீக்கென்றே தனி வகை இருக்கிறது, மற்றவை வேகமாகப் பீய்ச்சும்போது எண்ணெயைச் சிதறடிக்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டு அடுப்படிகளையும் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

சித்தப்பா: ஞாயிறு எனக்கு மாலைதான் முடியும்.

அக்கா: எங்கள் வீட்டுக்கு முதலில் வாருங்கள். மூடியை இப்போதே கீழே இறக்கி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

அத்தை: மாமா எழுந்துவிட்டார். குழாயில் தேதி அழிந்துபோயிருக்கிறதாம்.

அண்ணன்: அப்படியானால் இன்றே மாற்றிவிடுங்கள், அத்தை. ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம்.