எக்ஸிட் ஸ்டேட்டஸ்: ‘வெளியேற்ற நிலை’ வேண்டாம், ‘முடிவெண்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டளைக் கையேடுகளின் மொழிபெயர்ப்பில், நிரல் முடியும்போது விட்டுச் செல்லும் எண்ணான எக்ஸிட் ஸ்டேட்டஸ் வரும் இடமெல்லாம் ‘வெளியேற்ற நிலை’ என்று போட்டு வருகிறோம். அது பிழை. தானே போவது வெளியேறுதல். பிறர் பிடித்துத் தள்ளுவது வெளியேற்றம். முதன்மைச் செயற்கூறான மெயினிலிருந்து ரிட்டர்ன் ஆனாலும், நிரலை முடிக்கும் செயற்கூறான எக்ஸிட்டை அழைத்தாலும் நிரல் தானாகத்தான் போகிறது. சிக்னல், அதாவது இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும் அறிவிப்பு, வந்து கொல்வதே வெளியேற்றம். அப்போது நிரல் எந்த எண்ணையும் விட்டுச் செல்வதில்லை. கட்டளைகளை இயக்கித் தரும் பாஷ் ஷெல்லில் நாம் பார்க்கும் 137, கில் சிக்னலின் எண்ணான 9-ஐ 128-உடன் கூட்டி ஷெல்லே காட்டுவது.

‘முடிவெண்’ என்பது என் பரிந்துரை. முடிவு என்றால் நமக்கு இறுதியும்தான், விளைவும்தான். ‘எண்’ என்பதும் தேவை: நிரலைத் தொடங்கி வைத்த மூத்த செயல்முறைக்கு, அது முடியக் காத்திருக்கும் வெயிட்பிட் அழைப்பின் வழியே போய்ச் சேர்வது கடைசி 8 பிட் மட்டுமே, அதாவது 0 முதல் 255 வரை. எக்ஸிட்(-1) 255 ஆகும். எக்ஸிட்(256) 0 ஆகும். கண்ட பிழைகளின் எண்ணிக்கையை அப்படியே எக்ஸிட்டுக்குக் கொடுக்கும் நிரல், சரியாக 256 பிழை வந்தால் ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிடும்.

> ‘முடிவெண்’ என்பது என் பரிந்துரை.

ஏற்கிறேன் ஐயா. ஆனால் வெயிட்பிட் நிரப்பித் தரும் முழு எண் வேறு. முடிவெண்ணோ கொன்ற சிக்னலோ அதற்குள் பொதிந்திருக்கும். மேக்ரோ கொண்டு பிரித்தெடுக்க வேண்டும். அதை ‘முடிவுநிலை’ என்று தனியாக வைப்போம். விளக்கத்தில் ‘0 வெற்றி, மற்றவை தோல்வி’ என்றும் எழுத வேண்டாம். கோப்பில் வரிகளைத் தேடும் கிரெப் 1 தந்தால் பொருந்தும் வரி இல்லை என்றுதான் பொருள், பிழைக்கு 2.

நிரல் முடியும்போது ஓடுவதற்காக அட்எக்ஸிட்டில் பதியும் செயற்கூறுக்கு ‘வெளியேற்றக் கையாளி’ என்ற சொல்லும் எனக்கு உவப்பில்லை. அது எதையும் வாங்குவதில்லை, எதையும் தருவதில்லை; போகும் முன் இடத்தை ஒழுங்குபடுத்துகிறது, அவ்வளவுதான். ‘நிறைவுப்பணி’ எனலாம். குறைந்தது 32 பதியலாம் என்று சி தரநிலை உறுதி தருகிறது. கடைசியாகப் பதிந்தது முதலில் ஓடும். எல்லாம் ஓடிய பிறகே இடையகத்தில் (வெளியீட்டைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் நினைவகத்தில்) தேங்கிய வெளியீடு எழுதப்படும்.

> ‘நிறைவுப்பணி’ எனலாம்.

பொருத்தம். நிரலை இடையிலேயே முறிக்கும் அபார்ட்டிலோ சிக்னல் சாவிலோ அது ஓடாது என்பதையும் ‘நிறைவு’ உணர்த்துகிறது. அடிக்கோட்டு எக்ஸிட்டுக்கு (_exit) ‘நேர்முடிவு’ என்ற சொல்லைச் சேர்க்கலாமா? நிறைவுப்பணியையும் இடையகத்தையும் தொடாமல் நேரே இயங்குதளக் கருவான கர்னலுக்குப் போவது அது. செயல்முறையை நகலெடுக்கும் ஃபோர்க்குக்குப் பின், நகலான பிள்ளைச் செயல்முறையில் வேறு நிரலை ஏற்றும் எக்ஸெக் தோற்றால் இதைத்தான் அழைக்க வேண்டும். வெறும் எக்ஸிட்டை அழைத்தால், ஃபோர்க்கின்போது நகலான இடையகம் பிள்ளை வழியாகவும் எழுதப்படும். டெர்மினலில் வரிக்கு வரி எழுதிவிடுவதால் ஒன்றும் தெரியாது. கோப்புக்குத் திருப்பினால் அதே வரிகள் இரண்டு முறை இருக்கும்.

அகராதியில் நிறைவுப்பணிக்கு எடுத்துக்காட்டாக, அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான ஜிஎன்யு கோர்யூட்டில்ஸ் செய்வதைத் தரலாம். வட்டு நிரம்பிய பிழை பெரும்பாலும் கடைசி இடையகத்தை எழுதும்போதுதான் தெரிய வரும். எக்ஸிட் அதைக் கண்டுகொள்ளாது, முடிவெண் 0 என்றே போகும். அதனால் வெளியீட்டை மூடிச் சோதிக்கும் நிறைவுப்பணி ஒன்றைப் பதிகிறார்கள். மூடுவது தோற்றால் அது பிழையை அச்சிட்டு, சுழியல்லாத முடிவெண்ணுடன் நேர்முடிவை அழைக்கிறது. அங்கே மீண்டும் எக்ஸிட்டை அழைப்பது தரநிலைப்படி வரையறுக்கப்படாத நடத்தை. உங்கள் நிரலைச் சோதிக்க, வெளியீட்டை, எழுதினால் எப்போதும் வட்டு நிரம்பிய பிழையே தரும் /டெவ்/ஃபுல் கோப்புக்குத் திருப்பி முடிவெண்ணைப் பாருங்கள்.