புதுப்பிப்பு: பிரவுன் பெல்ட் தேர்வு முடிந்தது

கராத்தே பிரவுன் பெல்ட் தேர்வை நினைத்தாலே கை நடுங்குகிறது, விலகிவிடலாமா என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். விலகவில்லை, போனேன்.

பெயரைக் கூப்பிட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. முதலில் கட்டா, அதாவது தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசை. எனக்கு வந்தது ‘தெக்கி ஷோதான்’ என்ற கட்டா. கால்களை அகட்டி முழங்காலை மடக்கிய குதிரை நிலையிலேயே பக்கவாட்டில் நகர வேண்டும். மூச்சை அடக்கினால் தொடை உடனே காட்டிக்கொடுத்துவிடும். பாதியில் எனக்கும் வெடவெடத்தது. உங்களில் ஒருவர் சொன்னபடி மூச்சை நீளமாக விட்டேன். தோள் இறங்கியது, அடுத்த அடி தானாக வந்தது.

அப்புறம் குமித்தே, அதாவது எதிராளியோடு மோதுவது. அதிகம் பயந்தது இதற்குத்தான். முதல் குத்துக்குக் கண்ணை மூடிவிட்டேன், நெஞ்சில் பட்டது. வலியைவிட, பட்டும் நிற்கிறேனே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்கவில்லை.

தேறிவிட்டேன்! தடுப்பு தாமதம் என்று சென்செய் (பயிற்சி ஆசிரியர்) குறித்திருக்கிறார், அது உண்மைதான். திங்கள் முதல் அதில்தான் பயிற்சி.