‘ஹை லெக்’ – ஓங்குமுனை எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வெளிநாட்டில் ஜெனரேட்டர் வேலைக்குப் போகும் நம் பையன்களுக்கான கையேட்டில் ‘ஹை லெக்’ என்ற இடத்தில், அதாவது மூன்று ஃபேஸில் மற்ற இரண்டைவிட வோல்ட் கூடுதலாக நிற்கும் ஒன்றுக்கு, தமிழ்ச் சொல் கிடைக்காமல் வண்டி நிற்கிறது. குழுவிலிருந்து உயர்கால், காட்டுமுனை, விலக்குமுனை, ஆரஞ்சு முனை என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. பொருளைச் சொல்லாமல் பெயர் கேட்டால் எப்படி என்று கோத்தகிரி ஐயா கேட்டது நியாயம். முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு வாடகை ஜெனரேட்டர் கொண்டுபோனால் இந்தச் சிக்கலே கிடையாது. நம்முடையது ஸ்டார் இணைப்பு: மூன்று ஃபேஸின் சுருள்களும் ஒரு நடுப்புள்ளியில் சேரும், அதுதான் நியூட்ரல். ஃபேஸுக்கு ஃபேஸ் 415 வோல்ட், எந்த ஃபேஸிலிருந்து நியூட்ரலுக்குப் பார்த்தாலும் 240 வோல்ட். தேயிலையை நொறுக்கும் சி.டி.சி. மெஷின் மூன்று ஃபேஸிலும் ஓடும். ஆபீஸ் பல்பை எதில் கொடுத்தாலும் எரியும்.

அமெரிக்காவில் சில பழைய பட்டறைகளிலும் சிறு தொழிற்சாலைகளிலும் டெல்டா இணைப்பு, அதாவது மூன்று சுருளையும் முக்கோணமாகச் சேர்த்த இணைப்பு, இருக்கிறது. ஃபேஸுக்கு ஃபேஸ் 240 வோல்ட். ஒரு சுருளின் நடுவில் கிளை எடுத்து அதையே நியூட்ரலாக்கி எர்த் செய்திருப்பார்கள். அந்தச் சுருளின் இரு பக்கமும் 120 வோல்ட். விளக்கு, பிளக் எல்லாம் அதில். மூன்றாவது ஃபேஸில் மட்டும் நியூட்ரலுக்கு 208. சமபக்க முக்கோணம் ஒன்றை 240 பக்க அளவில் வரைந்து, அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து உச்சிவரை அளந்தால் 207.8 வரும். அந்த உச்சிதான் ஹை லெக்.

இப்படிப்பட்ட இடத்தில் தற்காலிக ஜெனரேட்டர் வைப்பவருக்குத்தான் சோதனை. ஃபேஸுக்கு ஃபேஸ் 208, நியூட்ரலுக்கு 120 தரும் ஸ்டார் மெஷினைக் கொடுத்தால் விளக்கு ஒழுங்காக எரியும், ஆனால் 240 வோல்ட் மோட்டார் 208இல் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடேறும். சரி, ஸ்டாரிலேயே 240க்கு ஏற்றிவிடலாம் என்றால் 120 வோல்ட் பொருளுக்கு 139 போகும். சுருள் முனைகள் பன்னிரண்டு லீடாக வெளியே வரும் ஆல்டர்னேட்டராக (ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாக்கும் பகுதி) இருந்தால் அதையே டெல்டாவாக மாற்றிக் கட்டி நடுக்கிளை எடுக்கலாம். அப்போதும் விளக்குச் சுமையில் பெரும்பகுதி ஒரே சுருளின் தலையில் விழும் என்பதால் மெஷினைக் கொஞ்சம் பெரிதாகப் பிடிக்க வேண்டும். கேபிள் மாறி அந்த 208 விளக்கு லைனில் ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சொற்கள். ‘உயர்கால்’ வேண்டாம், ஃபேஸைக் கால் என்று யாரும் சொல்வதில்லை. மும்முனை மின்சாரம் என்பது விவசாயியிலிருந்து செய்தித்தாள் வரை பழகிய சொல், ஆகவே ‘முனை’ இருக்கட்டும். ‘காட்டுமுனை’ என்றால் நீலகிரியில் காட்டெருமை மேயும் காட்சிமுனை ஒன்றைத்தான் தேடிப் போவார்கள். ‘ஆரஞ்சு முனை’ அங்கே அந்தக் கம்பிக்கு ஆரஞ்சு நிறம் அடையாளம் என்பதால் வந்தது. முப்பது வருடத்துப் புகையும் தூசியும் படிந்த பேனலில் அந்த ஆரஞ்சைத் தேட முடியாது. வோல்ட்மீட்டரை நம்புகிறவனுக்கு வோல்ட்டைச் சொல்லும் பெயர்தான் வேண்டும்.

‘விலக்குமுனை’ எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் எதற்கு விலக்கு? விளக்குக்கு மட்டும்தான். மோட்டாருக்கு அது கட்டாயம் வேண்டும். பெயரைப் பார்த்து ஒரு பையன் அதைக் கட்டாமல் விட்டால் மோட்டார் இரண்டு ஃபேஸில் உறுமி எரியும்.

என் பரிந்துரை: ஓங்குமுனை.

— குன்னூர்

குன்னூர் அண்ணனுக்கு,

முக்கோணத்தை நீங்களே வரையச் சொல்லிவிட்டு ‘உச்சிமுனை’யை ஏன் விட்டீர்கள்? நேராகப் படம் மனதில் வருகிறதே.

— கொடைக்கானல்

தம்பி,

நானும் யோசித்தேன். பள்ளிக் கணக்கில் முக்கோணத்துக்கு மூன்று உச்சி. போதாக்குறைக்கு மின்னியல் பாடத்தில் உச்ச மதிப்பு, உச்ச நேரம் என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். ‘ஓங்கு’க்கு இந்தத் துறையில் வேறு வேலை இல்லை. பட்டறையில் ‘ஓங்கு ஃபேஸ்’ என்று சுருக்கினாலும் பொருள் கெடாது.

— குன்னூர்

ஓங்குமுனை எனக்குச் சம்மதம். ஒரு சேர்க்கை மட்டும்: அமெரிக்காவில் பேனலில் ஓங்குமுனை நடுவில் இருக்கும், மீட்டர் பெட்டியில் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். இடத்தை வைத்து அடையாளம் காணாதே, மூன்றையும் நியூட்ரலுக்கு அளந்து பார் என்று கையேட்டில் போடுங்கள். ஃபேஸ் வரிசையையும் ஜெனரேட்டரில் சுமையை ஏற்றுவதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள், மோட்டார் பின்பக்கம் சுற்றிய பிறகு அல்ல. நியூட்ரலை ‘நொதுமல்’ ஆக்கும் சண்டை அடுத்த மாதம்.

— கோத்தகிரி